முழங்கால் மாற்று அறுவையில் ரோபோ: துல்லியம் எதற்கு, எதுவரை?

சென்னை, மதுரை, கோவை என எந்த ஊரின் பெரிய சாலையில் போனாலும் 'ரோபோட்டிக் முழங்கால் மாற்று' என்ற விளம்பரப் பலகை ஒன்றாவது கண்ணில் படுகிறது. பார்ப்பவர்களுக்கு வரும் சந்தேகம் மூன்று. ஆபரேஷனை இயந்திரமே செய்துவிடுமா? டாக்டர் கையால் செய்வதைவிட இது நல்லதா? கூடுதலாகக் கேட்கும் பணத்துக்கு மதிப்பு உண்டா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இன்று அதிகம் புழங்கும் ரகங்களில் ரோபோ தானாக எதையும் வெட்டாது. ரம்பத்தைப் பிடித்து நகர்த்துவது டாக்டர்தான். தானாகவே எலும்பைக் கடையும் ரகமும் உண்டு, ஆனால் அங்கேயும் எதை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் டாக்டர். மற்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல, எலும்பில் என்ன வெட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சென்னை ஓமந்தூரார் அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-ல் தொடங்கிய ரோபோ அறுவைப் பிரிவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது வயிறு, சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறு துளை வழியே செய்யும் அறுவைக்கானது. டாக்டர் தள்ளி உட்கார்ந்து அதன் கைகளை இயக்குவார். எலும்புக்கான ரோபோ முற்றிலும் வேறு சாதனம். ஒன்றின் பெருமையை மற்றொன்றின் கணக்கில் எழுத முடியாது.

## வெட்டப்படுவது எது

முழங்காலை அப்படியே கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. தொடை எலும்பின் கீழ் முனையிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். தேய்மானத்தில் அது கரைந்து, எலும்பும் எலும்பும் உரசுகின்றன. தேய்ந்த அந்த மேற்பரப்பை மட்டும் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோக மூடியும் தட்டும் பொருத்துகிறார்கள். மேலே இருப்பது பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம். கீழே ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே உறுதியான பாலிஎத்திலீன் துண்டு. பெரும்பாலும் எலும்பு சிமென்ட்டால் ஒட்டுவார்கள்.

மூடி உட்கார, தொடை எலும்பில் ஐந்து வெட்டு தேவை: அடியில் ஒன்று, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இவற்றைச் சேர்க்கும் சாய்வு வெட்டு இரண்டு. கீழ்க்கால் எலும்பின் தலையில் தட்டையாக ஒரே வெட்டு. முழங்கால் சில்லின் உள்பக்கத்தையும் சீவுவதா வேண்டாமா என்பது டாக்டரைப் பொறுத்தது. ஒரு வெட்டில் போகிற எலும்பு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர். உலோகமும் பிளாஸ்டிக்கும் எவ்வளவு தடிமனோ, அவ்வளவு எலும்பு போக வேண்டும் என்பதே கணக்கு.

வெட்டும் ரம்பம் இடவலமாக வேகமாக அதிரும் ஒரு மெல்லிய தகடு. தடிமன் சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஓடும்போது சூடேறும். எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் நின்றாலே அங்குள்ள செல்கள் பாதிக்கப்படும் என்பதால், பக்கத்தில் நிற்பவர் வெட்டுவாயில் நீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பார். தியேட்டருக்குள் இது கொஞ்சம் தச்சுப்பட்டறை வேலைதான்; எலும்பு மருத்துவர்களே அப்படிச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

## ஒரு டிகிரி தவறினால்

இடுப்புப் பந்துக் கிண்ணத்தின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு முழங்காலின் நடுவே போனால் உடல் எடை உள்பக்கமும் வெளிப்பக்கமும் பகிரப்படும். இதைத்தான் காலின் இயக்க அச்சு என்கிறார்கள். கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தால் கோடு முழங்காலின் உள்பக்கமாக நகர்ந்துவிடும். உள்பக்கம் சீக்கிரம் தேயும். நம் ஊரில் மூட்டு மாற்றுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கால் அப்படித்தான் இருக்கிறது.

கீழ்க்கால் எலும்பின் தலை சுமார் 70 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு ஒரு டிகிரி சாய்ந்தால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் வித்தியாசம் 1.2 மில்லிமீட்டர்தான். கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த வெட்டின் மீதுதான் கால் முழுக்க நிற்கிறது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை 40 சென்டிமீட்டர் என்றால், அதே ஒரு டிகிரி கணுக்காலில் 7 மில்லிமீட்டராகிறது. மூன்று டிகிரி என்றால் 2 சென்டிமீட்டருக்கு மேல். மூன்று டிகிரிக்குள் வந்தால் சரி என்பதுதான் பல ஆண்டுகளாக டாக்டர்கள் வைத்திருந்த கோடு.

கோணம் பாதிக் கதைதான். மீதிப் பாதி ஜவ்வு. முழங்காலின் இரண்டு பக்கமும் இருக்கும் ஜவ்வு, காலை நீட்டும்போதும் மடக்கும்போதும் ஒரே அளவு இறுக்கத்தோடு இருக்க வேண்டும். எலும்பை அதிகமாக வெட்டினால் நடுவே இடைவெளி கூடி மூட்டு ஆடும். குறைவாக வெட்டினால் இறுகி, மடங்க மறுக்கும். ஆபரேஷன் முடிந்தவர்கள் 'மாடிப்படி இறங்கும்போது கால் வழுக்குகிற மாதிரி இருக்கிறது' என்றோ, 'எவ்வளவு பயிற்சி செய்தாலும் மடங்கவில்லை' என்றோ சொல்வதற்கு இந்த இடைவெளிக் கணக்கும் ஒரு காரணம்.

## ரோபோ இல்லாமல் எப்படி அளக்கிறார்கள்

'ஜிக்' எனப்படும் உலோகச் சட்டத்தை எலும்பில் பொருத்தி, அதிலுள்ள பிளவு வழியே ரம்பத்தை விடுவதுதான் வழக்கமான முறை. லட்சக்கணக்கானவர்கள் இந்த முறையில் ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக நடக்கிறார்கள். மருத்துவ இதழான லான்செட்டில் 2019-ல் வந்த பதிவேட்டு ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ரோபோ வருவதற்கு முன் செய்தவை. ஆக, பழைய முறை மோசம் என்ற விளம்பரத் தொனியை நம்ப வேண்டியதில்லை. பிழை நுழைகிற வாசல்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

1. தொடை எலும்பின் உள்குழாயில் ஒரு கம்பியை நுழைத்து, அதிலிருந்து 5 முதல் 7 டிகிரி விலக்கி ஜிக்கை வைப்பார்கள். குழாய் அகலமாக இருந்தால் கம்பி ஆடும். தொடை எலும்பே வில்லாக வளைந்திருந்தால் கம்பி காட்டும் திசை தவறிவிடும்.

2. வயதானவர்களின் எலும்பு மிருதுவாக இருக்கும். ஜிக்கைப் பிடித்திருக்கும் ஆணி, ரம்பத்தின் அதிர்வில் மெல்ல நகரலாம்.

3. வளைந்த காலில் பல வருடம் எடை தாங்கிய உள்பக்க எலும்பு கல்லாக இறுகிப்போயிருக்கும். மெல்லிய தகடு அங்கே போனதும் மேல்நோக்கி ஏறப் பார்க்கும். ஜிக் சரியாக இருந்தும் வெட்டு சாய்வது இப்படித்தான்.

4. ஜவ்வின் இறுக்கத்தை டாக்டர் கையால் அசைத்து உணர்கிறார். அனுபவசாலியின் கை நம்பகமானது. ஆனால் அந்த உணர்வுக்கு அளவுகோல் கிடையாது.

## ரோபோ வரும்போது மாறுவது

உலகமெங்கும் பரவலாக இருக்கும் மாக்கோ ரகத்தை எடுத்துக்கொண்டால், வேலை இந்த வரிசையில் போகும்.

1. ஆபரேஷனுக்கு முன்பே காலை சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்பின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் உண்டாக்குவார்கள். எந்த அளவு உலோக மூடி, எந்தக் கோணம், எத்தனை மில்லிமீட்டர் என்று திரையிலேயே முதல் திட்டம் தயாராகும்.

2. தியேட்டரில் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஆணிகள் அடித்து, ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு குமிழ்கள் கொண்ட சட்டத்தை மாட்டுவார்கள். அகச்சிவப்புக் கேமரா அதைப் பார்த்தபடியே இருக்கும். கால் அசைந்தாலும் எலும்பு எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும்.

3. இந்த அறுவையின் உயிர்நாடி இந்தக் கட்டம்தான். கணினியில் இருப்பது படம். மேசையில் இருப்பது எலும்பு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். நில அளவையர் புலப்படத்தை வைத்துக்கொண்டு வயலில் எல்லைக்கல் தேடுவாரே, அதே வேலை. டாக்டர் காலைச் சுழற்றுவார். அதிலிருந்து இடுப்பின் மையத்தைக் கணினி கணக்கிடும். கணுக்காலின் இரு புடைப்புகளையும் தொட்டுக் காட்டுவார். பிறகு கூர்முனைக் கருவியால் எலும்பின் மேல் பல பத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொடுவார். கல் தவறினால் வேலி தவறும். இங்கே கவனக்குறைவாகத் தொட்டால், தவறான இடத்தில் மிகத் துல்லியமாக வெட்டும் இயந்திரம்தான் மிச்சம்.

4. காலை நீட்டியும் மடக்கியும் ஜவ்வை இழுத்துப் பார்க்கும்போது, உள்பக்கமும் வெளிப்பக்கமும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று திரையில் எண் வரும். எலும்பை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. திட்டத்தை ஒரு டிகிரி, அரை மில்லிமீட்டர் என மாற்றிப் பார்த்து இடைவெளியைச் சமன்செய்யலாம். என் பார்வையில் ரோபோவின் பெரிய லாபம் வெட்டுவதில் இல்லை, இந்த இடத்தில்தான்.

5. வெட்டு. ரம்பம் ரோபோ கையின் நுனியில் இருக்கும். அதைப் பிடித்துத் தள்ளுவது டாக்டர். திட்டமிட்ட எல்லைக்குள் இருக்கும்வரை கை இலகுவாக நகரும். எல்லையைத் தாண்டப் போனால் ரோபோ கை விறைத்துக்கொள்ளும், ரம்பமும் நிற்கும். பின்னால் இருக்கும் ரத்தக்குழாய், நரம்பு, பக்கத்து ஜவ்வு ஆகியவற்றுக்கு இதுவே காவல்.

அப்புறம் தற்காலிக மூடியைப் பொருத்தி, எண்களை மறுபடி பார்த்து, சிமென்ட் போடுகிறார்கள்.

எல்லா ரோபோவும் இதே மாதிரி இல்லை. ரோசா என்ற ரகத்தில் ரோபோ கை ஜிக்கைச் சரியான இடத்தில் பிடித்து நிற்கும். அதன் பிளவு வழியே டாக்டர் வழக்கம்போல் ரம்பத்தை விடுவார். நாவியோ, அதன் அடுத்த வடிவமான கோரி ஆகியவை கையடக்கமானவை; சுழலும் கடைமுனை எல்லைக்கு வெளியே போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். இவற்றுக்கு சி.டி. தேவையில்லை, எலும்பின் மேல் கருவியை ஓட்டியே உருவம் வரைந்துகொள்ளும். கொரியாவில் உருவான கியூவிஸ் தானாகவே எலும்பைக் கடையும் ரகம். டாக்டர் எந்த நேரமும் அதை நிறுத்தலாம்.

விளம்பரத்தில் வராத ஒரு விஷயம் உண்டு. மாக்கோ, ரோசா போன்றவை தயாரிப்பாளரின் சொந்த மூட்டுகளோடு மட்டுமே வேலை செய்யும். ரோபோவைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்கள் காலுக்குள் போகும் மூட்டின் கம்பெனியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

## இது புதுசு இல்லை

எலும்பு ரோபோவின் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1992-ல் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் ரோபோடாக் என்ற இயந்திரம் முதன்முதலாக மனிதருக்கு இடுப்பு மாற்று அறுவையில் பயன்பட்டது. அதற்கு முன் நாய்களுக்குச் செய்து பார்த்தார்கள். பிறகு ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். தொடையைச் சுற்றியுள்ள தசை சேதமானதாக நோயாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2000-களின் நடுவாக்கில் அங்கே அதன் பயன்பாடு அடங்கிப்போனது. எலும்பைத் துல்லியமாகக் கடைந்த இயந்திரத்துக்குச் சுற்றியுள்ள சதையைப் பற்றித் தெரியாது. இன்றைய ரகங்களில் ரம்பத்தை டாக்டர் கையிலேயே விட்டு, எல்லையை மட்டும் இயந்திரம் காக்கும் ஏற்பாடு வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

## துல்லியம் நிரூபணம் ஆகிவிட்டது. பலன்?

திட்டமிட்டபடி வெட்டுவதில் ரோபோ கெட்டி. இதில் பெரிய சர்ச்சை இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான அக்ரோபாட் என்ற ரோபோவை வைத்து, முழங்காலின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் அறுவையில் ஓர் ஆய்வு நடந்தது, 2006-ல் வெளியானது. ரோபோ குழுவில் எல்லா முழங்கால்களும் திட்டமிட்ட கோணத்துக்கு 2 டிகிரிக்குள் வந்தன. வழக்கமான முறையில் 40 விழுக்காடுதான் வந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதற்குப் பின் வந்தவையும் இதே திசையில்தான் காட்டுகின்றன.

அப்படியானால் நோயாளிக்கு வலி குறைந்ததா, மூட்டு அதிக காலம் உழைத்ததா? தென் கொரியாவில் 1,400-க்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு ரோபோடாக், பாதிப் பேருக்கு வழக்கமான முறை என்று செய்து, குறைந்தது 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு: நடை, வலி, மூட்டின் ஆயுள் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அது பழைய ரக இயந்திரம், ஜவ்வுக் கணக்கு பார்க்காதது என்று ரோபோ ஆதரவாளர்கள் சொல்வது நியாயமான ஆட்சேபம். புதிய ரகங்களில் முதல் சில வாரங்களில் வலி குறைவு, சீக்கிரம் நடக்கிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. பத்து, பதினைந்து ஆண்டுக் கணக்கு அவற்றுக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

இவ்வளவு துல்லியமாக வெட்டியும் ஏன் பெரிய மாற்றம் தெரியவில்லை? காரணம், குறி எங்கே என்பதிலேயே டாக்டர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2010-ல் 398 முழங்கால்களின் 15 ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்குள் வந்தவை 292; விலகியவை 106. மூட்டின் ஆயுளில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் காணவில்லை. 2012-ல் பெல்ஜியத்தில் முழங்கால் வலியே இல்லாத 250 இளைஞர்களை அளந்து பார்த்தார்கள். ஆண்களில் 32 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 17 விழுக்காட்டினருக்கும் கால் இயற்கையிலேயே 3 டிகிரியோ அதற்கு மேலோ வெளிப்பக்கம் வளைந்திருந்தது. இயற்கையிலேயே அப்படி இருப்பவரின் காலை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக்கினால், அவரது ஜவ்வு அதற்கு இசையுமா?

இதனால்தான் காலின் பழைய வளைவை ஓரளவு அப்படியே விட்டு, ஜவ்வுக்கு ஏற்ப எலும்பை வெட்டும் முறைகள் இப்போது வளர்கின்றன. வேண்டுமென்றே 2 டிகிரி விலகி வெட்டுகிறவருக்கு அது 5 டிகிரியாகிவிடக் கூடாது. அந்த இடத்தில் ரோபோவின் துல்லியம் வெறும் அலங்காரம் இல்லை. ஆனால் அந்த 2 டிகிரியைத் தீர்மானிக்கிற ஆள் டாக்டர். கொடுத்த திட்டத்தை ரோபோ நிறைவேற்றும். திட்டம் சரியா என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று: கனடாவின் ஒன்டாரியோவில் 2010-ல் வெளியான ஆய்வில், முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களில் 19 விழுக்காட்டினர் திருப்தியடையவில்லை. அப்படிப்பட்ட அதிருப்திக்கு வெட்டு மட்டும் காரணமில்லை. முதுகுத்தண்டிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, தொடைத்தசையின் பலவீனம், பாதியில் நிறுத்திய பிசியோதெரபி, 'பழையபடி சம்மணம் போட்டு உட்காரலாம்' என்ற எதிர்பார்ப்பு என்று பட்டியல் நீளும். இதில் எதையும் ரோபோ தொடுவதில்லை.

## யாருக்கு உதவும், எங்கே இடிக்கும்

பழைய விபத்தில் தொடை எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்தவர்கள், எலும்புக்குள் கம்பியோ பிளேட்டோ இருப்பவர்கள், எலும்பே அதிகமாக வளைந்தவர்கள்: இவர்களுக்கு உள்குழாயில் கம்பி விட வழியில்லை, விட்டாலும் திசை தவறும். இங்கே ரோபோவோ, ரோபோ கை இல்லாத கணினி வழிகாட்டியோ உண்மையில் வேலையைச் சுலபமாக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றும் அறுவையிலும் இடம் குறுகல், தப்புக்கு இடம் கம்மி. அங்கேயும் பலன் தெளிவாகத் தெரிகிறது. வழக்கமான தேய்மானம், வழக்கமான வளைவு, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் செய்கிற டாக்டர் என்றால், ரோபோ இல்லை என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடவோ டாக்டரை மாற்றவோ அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சங்கடங்களும் உண்டு. ஆணி அடித்த துளையில் தொற்று வரலாம். அரிதாக அந்த இடத்தில் எலும்பு முறியவும் செய்கிறது. ஆபரேஷன் நேரம் கூடும், குறிப்பாக டாக்டருக்கு இயந்திரம் பழகும்வரை. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. இந்த ரோபோவில் நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? ரோபோ இல்லாமல் எத்தனை?
2. நடுவில் இயந்திரம் நின்றுவிட்டால் ஜிக் வைத்து முடிப்பீர்களா?
3. என் காலுக்கு ரோபோ ஏன் வேண்டும் என்பதற்கு என் எக்ஸ்ரேவைக் காட்டிக் காரணம் சொல்ல முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு 'இப்போது எல்லோரும் இதுதான் செய்கிறார்கள்' என்று பதில் வந்தால், இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

## பில்லில் எங்கே வரும்

2017 ஆகஸ்ட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் சராசரி எம்.ஆர்.பி. அதற்கு முன் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது, அது ஜி.எஸ்.டி. நீங்கலாக ரூ.54,720 ஆனது. அந்த உச்சவரம்பு பிறகும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது மூட்டுக்கு மட்டும். ரோபோவைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஆணி, குமிழ், உறை ஆகியவற்றின் விலை, சி.டி. ஸ்கேன் எதுவும் இந்த வரம்புக்குள் வராது. அவை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல், மூட்டின் பெயர், அதன் விலை, ரோபோ கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது.

காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பட்டியலிட்ட 12 நவீன சிகிச்சைகளில் ரோபோ அறுவையும் ஒன்று. அதனால் பாலிசியில் அதை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 'இவ்வளவுதான் தருவோம்' என்று உள்வரம்பு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. காப்பீட்டுத் தொகை 5 லட்சம் இருந்தாலும் ரோபோ அறுவை என்று எழுதியதும் அந்த உள்வரம்பு வந்து குறுக்கே நிற்கலாம். முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே 'ரோபோட்டிக்' என்ற சொல்லைக் குறிப்பிடச் சொல்லி, எவ்வளவு கிடைக்கும் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு அட்மிட் ஆகுங்கள்.